கேக்கில் குத்திய பூ

ரோஸ் என்ற சொல்லை நான் ஏழு வருஷமாக வாயில் எடுப்பதில்லை. ஜவுளிக்கடையில் "வெளிர் சிவப்பு" என்று கேட்கிறேன். கடைக்காரர் "ரோஸாம்மா?" என்று திருப்பிக் கேட்டால் விரலை நீட்டி "அந்த நிறம்" என்கிறேன். ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவள் ஒரு சொல்லைக் கண்டு ஒதுங்குவது கேவலம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லால் என் மகள், நாலு வயதில், என் தங்கையின் கல்யாணத்தன்று சாகக் கிடந்தாள்.

அந்தச் சொல்லை எழுதியவர் ராஜபாளையத்தில் கேக் செய்கிறவர். வாசித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கடை வைத்திருந்தவர். இரண்டு பேரைப் பற்றியும் நல்லவிதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. முயற்சி செய்யப்போவதும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் கேக் என்பது தின்பதற்கு அல்ல. போட்டோவுக்கு. என் கல்யாணம் எண்பதுகளின் நடுவில் நடந்தது. மூன்று அடுக்குக் கேக், நடுவில் பிளாஸ்டிக் தூண்கள், உச்சியில் கோட்டுப் போட்ட ஒரு பொம்மையும் முக்காடு போட்ட ஒரு பொம்மையும். ஆளுக்கு ஒரு கை வைத்து நானும் என் கணவரும் கத்தியை இறக்கினோம். டங் என்று சத்தம் கேட்டது. மேலே இருந்த இரண்டு அடுக்கும் பிஸ்கட் டப்பாக்கள். தகரத்தின்மேல் ஐசிங்கைப் பூசிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் முகம் மாறாமல், "கீழ வெட்டுங்க சார், கீழ மட்டுந்தான் கேக்கு" என்றார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் போட்டோவில் என் முகத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

அந்தப் பேக்கரிக்காரரின் தம்பிதான் நான் சொல்லவந்த ஆள். பம்பாயில் ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தார். வந்ததும் அண்ணன் கடை வாசலில் தனியாக ஒரு போர்டு மாட்டினார்: "கேக் டிசைனர்". உள்ளே அதே பன், அதே பஃப்ஸ், அதே கண்ணாடிப் பெட்டி, அதே ஈ. அவர் மட்டும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு நிற்பார். வந்தவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டார். பேசுவதெல்லாம் கையிலுள்ள தாளைப் பார்த்துத்தான். பெரிய ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பம்பாயில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கடையில் தமிழும் இங்கிலீஷும் கலந்து, மூன்றும் சரியாக இல்லாத ஒரு பாஷை.

என் தங்கைக்கு நாகர்கோவிலில் மாப்பிள்ளை. சம்பந்தி வீட்டார் மெட்ராஸில் ஒரு கல்யாணத்தில் நிஜப் பூ வைத்த கேக்கைப் பார்த்துவிட்டார்கள். ஐசிங்கில் செய்த பூ அவர்களுக்கு இனிமேல் பட்டிக்காடு. "எங்க பக்கத்து ஆளுக எல்லாம் வருவாங்க. நிஜப் பூ இருக்கணும்" என்று மாப்பிள்ளையின் அக்கா இரண்டு கடிதத்தில் எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு வேறு எதைப் பற்றியும் அந்தப் பெண் அவ்வளவு எழுதவில்லை.

கேக் டிசைனரிடம் போய்ச் சொன்னேன். தாளைப் பார்த்தபடியே, "ஃபிரெஷ் பிளவர்ஸ். பண்ணலாம். பாம்பேல டெய்லி பண்ணுனது" என்றார். ராஜபாளையத்தில் பூ நன்றாக இருக்காது, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் எடுக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். "அப்போ நீங்களே ஒருநாள் வந்து பாத்துச் சொல்லிருங்களேன்" என்றேன்.

"மாலை கட்டுறவன்கிட்ட நான் என்னத்தப் பேசுறது? டிசைன் என் வேலை. அவன் கொண்டாந்து குடுத்தாப் போதும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பூக்கடை. கடைக்காரர் ஐம்பது வயது ஆள். நெற்றியில் பளிச்சென்று நாமம், மடியில் எப்போதும் ஈர வாழைநார். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"முட்ட போட்ட பண்டத்துக்குப் பூவா, டீச்சர்?"

"அலங்காரத்துக்குத்தான்."

"நம்ம பூ சாமிக்குப் போகுது. கல்யாண வீட்டுக்குப் போகுது. எழவு விழுந்த துட்டி வீட்டுக்குக்கூடப் போகுது. தின்கிற பண்டத்துக்கு இதுவர போனதில்ல." நாரை மறுபடி கையில் எடுத்தார். "சரி, உங்க வீட்டுக் காரியம். குடுத்து விடுதேன். ஆனா நான் அங்கன வரமாட்டேன். அந்தப் பேக்கரிக்குள்ள கால வச்சா, பொறவு நான் குளிச்சிட்டுத்தான் நாரத் தொடணும்."

ஆக, ஒருவர் மாலை கட்டுகிறவனிடம் பேசமாட்டார். இன்னொருவர் முட்டை இருக்கும் இடத்துக்கு வரமாட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த அரைமணி நேரத்தைக் கடக்க இரண்டு பெரிய மனிதர்களாலும் முடியவில்லை. சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலையை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செய்து முடித்துவிடலாம் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்து ராஜபாளையத்தில் பள்ளிக்கூட வேலை பார்த்தவள். தினமும் போகவர இருந்தேன். அதனால் தூது போகிற வேலை என் தலையில் விழுந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கேக் டிசைனர் காதிலிருந்த பேனாவை எடுத்து, பஃப்ஸ் மடிக்கிற தாளில் நாலு வரி எழுதித் தந்தார். எண்ணெய் பட்ட இடத்தில் மை ஓடியிருந்தது. "ரோஸ். மூணு அடுக்குக்கும். பெருசும் மொட்டும் கலந்து. காம்பு நீளமா." கடைசியில் ஒரு கையெழுத்து வேறு, பேங்க் மேனேஜர் மாதிரி.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே பூக்கடைக்குப் போனேன். மகளைத் தூக்கிக்கொண்டு என் கணவரும் அங்கே வந்திருந்தார். பூக்கடைக்காரர் தாளை வாங்கி, எட்டத்தில் பிடித்து வாசித்தார்.

"ரோஸ்னு போட்டிருக்கு. நல்ல அழுத்தமான ரோஸா, வெளிறலா?"

நான் தங்கையின் சேலையை நினைத்தேன். சந்தன நிறத்தில் பட்டு, கரை மட்டும் இளஞ்சிவப்பு. "வெளிறலே இருக்கட்டும். பொண்ணு சேலைக் கரையும் அந்த நிறந்தான்."

"ஒத்தையா, அடுக்கா?"

"அடுக்குத்தான். மூணு அடுக்கு."

அவர் சிரித்தார். "மூணு அடுக்குக்கு எங்க போவேன் டீச்சர்? அடுக்குன்னா அடுக்குத்தான்."

"கேக்குதான் மூணு அடுக்கு" என்றேன்.

"அது அவிய பாடு. பூவு அடுக்கு, நிறம் வெளிறல். சரிதான? கூமாப்பட்டிப் பக்கம் நமக்கு ஒரு தோட்டம் இருக்கு. காலையில பறிச்சு மொத பஸ்ஸுல ஏத்திவிட்டுருதேன்."

என் மகள் கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அது என்ன பூ என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் அரிசி ஊறப்போட்டிருந்தேன், தையற்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டியிருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ரோஸ் என்பது நிறம். ரோஜா என்பது பூ. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "ரோஸ் கலர் பென்சில்" என்பார்கள், "ரோஜாப்பூ வரைஞ்சேன்" என்பார்கள். ஒருவரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள். பம்பாயில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த மனிதருக்கு ரோஜா என்று எழுதக் கை கூசியிருக்கிறது. ரோஸ் என்று எழுதினால்தான் டிசைனர். பூக்கடையிலோ ரோஸ் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். வெள்ளை, செவப்பு, ரோஸ் என்று அவர்கள் பிரிப்பது அரளியை. அடுக்கு என்றால் இதழ் அடர்த்தியாக இருக்கும் சாதி. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரியவேண்டிய நேரத்தில் நான் ரவிக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று காலை முதல் பஸ்ஸில் வாழையிலைப் பொட்டலம் ராஜபாளையம் வந்து சேர்ந்தது. கேக் டிசைனர் பிரித்துப் பார்த்தார். அடுக்கு அரளி, வெளிர் ரோஸ் நிறம். அதைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார் என்பதை அவருடைய அண்ணனே பிறகு எங்களிடம் சொன்னார். முதலில் பூக்கடைக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். பிறகு ஒரு பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூரத்துல பாத்தா ரோஜா மாதிரிதான இருக்கு. போட்டோவுல ரோஜான்னுதான் விழும்" என்றிருக்கிறார்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது அரளி என்று தெரியும். எங்கள் ஜில்லாவில் அரளி தெரியாத ஆள் கிடையாது. விதையைத் தின்று செத்தவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கும். அண்ணன் அதைத்தான் கேட்டிருக்கிறார். "வெதையிலதான விஷம்? பூவ சாமிக்கே போடுறாங்க" என்று டிசைனர் பதில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுக் காம்பைச் சாய்வாக நறுக்கி, நறுக்கிய இடத்தில் கசிந்ததைக் கோட்டில் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேக்கில் குத்தியிருக்கிறார். ஒரு காகிதத்தைக்கூடச் சுற்றவில்லை.

மண்டபத்தில் கேக் அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை ஐசிங்கின்மேல் வெளிர் நிறப் பூக்கள் சரிந்து இறங்கின. நாகர்கோவில்காரர்கள் சுற்றி நின்று, "மெட்ராஸ்ல பாத்தது இம்புட்டு நல்லா இல்ல" என்றார்கள். மாப்பிள்ளையின் அக்கா கேக்குக்குப் பக்கத்தில் நின்று தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். கேக் டிசைனர் வெள்ளைக் கோட்டோடு ஓரமாகக் கைகட்டி நின்றார். நான் தூரத்திலிருந்து பார்த்து, ரோஜா என்றே நினைத்தேன். போட்டோவுக்கு முன்னால் நானே ஏமாந்தேன்.

மணப்பெண்ணுக்கு முன்னால் பூக்கூடை ஏந்திக் கோயிலுக்குள் நடந்த சிறுமி என் மகள்தான். கவுன் கூட்டத்தில் மிதிபடாமல் இருக்கட்டும் என்று அவளை மேடையில் கேக் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் நான்தான் உட்காரவைத்தேன். எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில் அவள் செய்த காரியம் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியது. பூவைப் பிடித்து இழுத்தால் காம்போடு ஐசிங்கும் வந்தது. குச்சிமிட்டாய் மாதிரி அதைச் சப்பி, இதழையும் சேர்த்து மென்றிருக்கிறாள். ஒன்று தீர்ந்ததும் அடுத்தது.

நான் கையலம்பிவிட்டு வந்தபோது நாற்காலியில் சரிந்து கிடந்தாள். தூக்கமென்று நினைத்தேன். தூக்கியதும் என் தோளில் வாந்தி எடுத்தாள். "கசக்குதும்மா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஏதோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. என் சேலையில் வடிந்ததைப் பார்த்தேன். இதழ்கள். கீழே பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் நாலைந்து காம்புகள், சுத்தமாகச் சப்பியவை. ஒன்றைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு அது என்னவென்று தெரிந்தது. நீளமான அந்த இலை ஒன்று காம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. என் கணவர் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தார். யாருடைய காரிலோ ஏறினோம்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். நான் காம்பை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுப் பிள்ளையை மேஜையில் கிடத்தி மூக்கு வழியாகக் குழாய் விட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. எவ்வளவு என்று அவர் எண்ணுவது அவர் உதட்டில் தெரிந்தது. அந்த உதடு அசைவதற்கு நடுவே இருந்த இடைவெளியைப் போல ஒன்றை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

"துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு. மருந்து போட்டிருக்கேன். நாளைக்கு இந்நேரம் தாண்டிருச்சுன்னா பயமில்ல" என்றார். "கல்யாண வீட்டுல அரளியை எதுக்கும்மா புள்ளைக்கிட்ட வச்சிங்க?"

"கேக்குல இருந்துச்சு டாக்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுதி முடியாது. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

என் கணவர் மண்டபத்துக்குத் திரும்பிப் போய், கேக்கை யாரும் தொடாதீர்கள் என்று சொன்னார். அங்கே ஏற்கனவே துண்டு போட்டு வெண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குத் தந்த பாக்கெட்டுல பூ இல்லியே" என்றாளாம். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று சொன்ன பிறகு நடந்தது இது. தங்கை மட்டும் மாலையும் கழுத்துமாக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். அவள் கழுத்தில் இருந்தது நிஜ ரோஜா மாலை. அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் காலையில் இரண்டு கலைஞர்களும் வந்தார்கள். யாரோ போலீஸ் என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்க வேண்டும். கோட்டு இல்லாமல் ஒருவர், நாமம் கலைந்துபோய் இன்னொருவர். சேர்ந்து ஒரு வேலை செய்த அந்த இரண்டு பேரும் முதல்தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது, என் மகள் படுத்திருந்த வார்டுக்கு வெளியே, வராந்தாவில். நான் கதவோரம் நின்றேன். உள்ளே அவள் மூச்சு, வெளியே இவர்கள் பேச்சு.

"ரோஸ்னு எழுதுனா அரளியை அனுப்புவியா நீ?" என்றார் கேக் டிசைனர்.

"ரோஸ்னா அரளிதான். ரோஜான்னா ரோஜான்னு எழுத வேண்டியதுதானவே? கை தேஞ்சிருமோ?"

"ஊர் ஒலகத்துல எல்லாவனுக்கும் ரோஸ்னா ரோஜாதான்யா! குலாபி! குலாபி!"

"அது என்ன எழவு புதுசா?"

"எங்க வீட்டுல ரோஜாவுக்கு அதுதான் பேரு."

பக்கத்தில் நின்ற ஆயா ஒருத்தி, அவளும் தெலுங்குக்காரி, தரையைத் துடைத்துக்கொண்டே, "குலாபின்னா கலருந்தான் சாமி" என்றாள். டிசைனர் அவளை முறைத்தார்.

பூக்கடைக்காரர் விடவில்லை. "நான் தந்தது அரளின்னு ஒனக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா? கண்ணு இருந்துதுல்லா? தின்கிற பண்டத்துக்குள்ள அதக் குத்துவியன்னு நான் கண்டனா? சுத்தி வைப்பியன்னுல்லா நெனச்சேன்!"

"வந்து பாத்திருக்கணும் நீ."

"நீ வந்து கேட்டிருக்கணும்."

"நீ என்ன பூ அனுப்புறேன்னு சொல்லியிருக்கணும்."

"நான் கேக்காமலா அனுப்புனேன்? அழுத்தமான ரோஸா வெளிறலான்னு கேட்டேன். ஒத்தையா அடுக்கான்னு கேட்டேன். இந்தா நிக்காவளே, டீச்சரம்மா, அவியகிட்டதான் கேட்டேன். வெளிறல், அடுக்குன்னு அவியதான் சொன்னாவ."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆயாவும் திரும்பினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தலையைத் தூக்கினார். அன்றைக்குக் கடையில் அவரும் என் பக்கத்தில்தான் நின்றார். அந்த இரண்டு மனிதர்களின் முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அத்தனை நேரம் நாயும் பூனையுமாக நின்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அவர்கள் கூட்டுத் தொழில் ஆரம்பித்தது அந்த நொடியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் சொன்னது உண்மை.

பதினொரு மணிக்கு மேல் மகள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டாக்டர் மறுபடி ஸ்டெதாஸ்கோப் வைத்து, இந்தத் தடவை சீக்கிரம் எடுத்துவிட்டார். "கேக்கு இன்னும் இருக்காம்மா?" என்று மகள் கேட்டாள். நான் வெளியே வந்து பார்த்தபோது வராந்தாவில் ஒருவரும் இல்லை. பிள்ளை பிழைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரைகூட நிற்கவில்லை. சேர்ந்தே போனார்கள் என்று ஆயா சொன்னாள்.

அந்த வருஷமே என் கணவருக்குத் தென்காசிக்கு மாற்றலாகியது. நானும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். ஆறு வருஷம் ஓடியது. மகளுக்கு அந்த நாள் ஞாபகமில்லை. நாங்களும் சொல்லவில்லை. சாப்பாட்டில் கறிவேப்பிலை ஒட்டியிருந்தாலும் நான் எடுத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் யார் வீட்டு வேலியிலாவது அரளி பூத்திருந்தால் அவள் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்துப் போகிறேன். "அம்மாவுக்குக் கிறுக்கு" என்று சிநேகிதிகளிடம் சொல்கிறாள். சொல்லட்டும்.

போன வருஷம் ராஜபாளையத்துக்கே குடிவந்தோம். மகளுக்குப் பதினொரு வயது முடிகிறது. கூடப் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பூ வைத்த கேக் வந்ததாம், அவளுக்கும் அதுதான் வேண்டுமாம். அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடையாளம் தெரியவில்லை. பெரிய கண்ணாடிக் கதவு. பாதிக் கடையில் கேக், பாதிக் கடையில் பூ வாளிகள். உள்ளே போன பிறகுதான் ஆட்களைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு கொஞ்சம் இறுகியிருந்தது. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, முட்டை அட்டைகளுக்கு ஒரு முழ தூரத்தில், மடியில் ஈர நாரோடு பூக்கடைக்காரர். குளிப்பதைப் பற்றி இப்போது அவருக்குக் கவலையில்லை போலும்.

எனக்கு முடி நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறேன். டிசைனர் வழக்கம்போலத் தாளைத்தான் பார்த்தார். "என்ன கலரு?"

மகள் முந்திக்கொண்டாள். "ரோஸ் கலர் பூ!"

டிசைனர் பேனாவை நிறுத்தினார். "ரோஸ் கலர்ல பூவா, ரோஜாப்பூவா? தெளிவாச் சொல்லணும் பாப்பா."

பூக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எல்லாருட்டயும் கேட்டுருவோம் தாயி. முன்ன ஒரு கல்யாணத்துல, ஒரு டீச்சரம்மா தப்புத்தப்பாச் சொல்லிக் கொழப்பிட்டாவ. அரளி போயிருச்சு. ஒரு புள்ள அதத் தின்னுட்டு. அதுலேருந்து நாங்க ரொம்ப உஷாரு."

வாளி ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தெரிந்து குத்தவில்லை. இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாக்கி வைத்திருந்தார். கடையில் தொங்கும் போர்டைப்போல அதுவும் ஒரு விளம்பரம்.

"அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?" என்று என் மகள் கேட்டாள்.

பூக்கடைக்காரர் டிசைனரைப் பார்த்தார். டிசைனர் தாளைப் பார்த்தார். "தெரியலியே பாப்பா. அவிய அப்பவே ஊர விட்டுப் போயிட்டாவ" என்றார் பூக்கடைக்காரர்.

ஏழு வருஷம். ஒருதடவை கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியும் பேக்கரியும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன.

டிசைனர் கையிலிருந்த தாளை வாங்கினேன். பேனாவையும் வாங்கினேன். கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிய எழுத்தில் எழுதினேன்: "பூ வேண்டாம். எந்தப் பூவும் வேண்டாம்." திருப்பி அவரிடம் நீட்டினேன்.

"சத்தமா வாசிங்க."

அவர் தாளைவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஆனாலும் அடையாளம் தெரியவில்லை. "பூ வேண்டாம்" என்று வாசித்தார். "எந்தப் பூவும் வேண்டாம்."

"அவரும் வாசிக்கட்டும்."

பூக்கடைக்காரர் தாளை எட்டத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "அப்போ மொட்டக் கேக்கா தாயி? நல்லாவா இருக்கும்?"

"மொட்டக் கேக்குதான்."

வெளியே வந்ததும் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மில் சங்கு ஊதி, சைக்கிள்கள் கூட்டமாக வந்தன. அவளை ஓரமாக இழுத்து நிறுத்தினேன். கூட்டம் கடந்ததும் அவள், "அந்தப் பிள்ளை செத்துப்போச்சாம்மா?" என்றாள்.

"இல்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "நாந்தான் அந்த டீச்சர்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கேள்வி அவள் வாயில் வருவதற்கு வெகுநேரம் ஆகவில்லை.